போர்ட்டிகோ விளக்கைக் கழற்றிய நாள்

1. ரோசம்மாவின் ஆர்டர்

ஐம்பதுகளின் நடுவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த எலக்ட்ரிக் கடையில் நான் வயர்மேனாக வேலை பார்த்தேன். ஏழாம் வகுப்பு வரை படித்தவன். கம்பி இழுப்பேன், ஃப்யூஸ் கட்டுவேன், மோட்டாரைப் பிரித்து மறுபடி பூட்டுவேன். பேச்சு மட்டும் வராது. வீடுகளுக்கு வேலைக்குப் போனால், கதவைத் தட்டிவிட்டு "கடையிலேர்ந்து வந்திருக்கேன்" என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். அதனால் ஏணியை முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஏணியைப் பார்த்து அவர்களே புரிந்துகொள்வார்கள்.

டிசம்பர் வந்தால் எங்களுக்கு சீரியல் லைட் வேலை. அப்போது வெளியில் கட்டும் செட்டுகளைக் கடையிலேயே செய்வோம். இருபது சின்ன பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கோத்தால் ஒரு வரிசை. அதில் ஒரு பல்பு போனால் இருபதும் போய்விடும். எது போனது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வண்ண பல்பு கிடைப்பது அரிது. வெள்ளை பல்பைச் சாயத்தில் முக்கிக் காய வைப்போம். டிசம்பர் முழுக்க என் விரல் நுனிகள் சிவப்பும் பச்சையுமாக இருக்கும்.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். பெயர் ரோசம்மா. சிராங்கூன் பக்கம், மாதாகோவிலுக்குப் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட பலகை வீடு. கணவர் அந்தோணி ஹார்பரில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். பிள்ளைகள் இல்லை. நாலு எட்டு நடந்தால் ரோசம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வந்ததும் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டு, நான் சாயத்தில் முக்கி வைத்திருந்த பல்புகளைப் பார்த்தார்.

"செவப்பும் மஞ்சளும் நெறய போடுங்க தம்பி. நீலம் வேணாம்."

நான் தலையாட்டினேன்.

"ஏன் வேணாம்னு கேக்க மாட்டீங்களா?"

நான் அடுத்த பல்பைச் சாயத்தில் முக்கினேன்.

"நீல வெளிச்சத்துக்குக் கொசு வரும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "என்னா மொதலாளி, இந்தத் தம்பிக்கு வாய்ல ஃப்யூஸ் போயிடுச்சா?"

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "வேலு வேலைல கெட்டிக்காரன்மா. பேசுறதுக்குத்தான் நான் இருக்கேனே."

"எனக்கு மின்னி மின்னி எரியணும். சும்மா எரிஞ்சா காப்பிக்கடை மாதிரி இருக்கும். வாசல், கூரை, கேட்டு எல்லாம் ஒண்ணா எரிஞ்சு ஒண்ணா அணையணும். ரோட்டுல போற பஸ் நின்னு பாக்கணும்லா."

எல்லா வரிசையும் ஒன்றாக மின்ன வேண்டுமானால் கரண்டை விட்டு விட்டு அனுப்பும் ஒரே ஃப்ளாஷர் வழியாக அத்தனைக்கும் கரண்ட் போக வேண்டும். முடியும் என்று நான் முதலாளியிடம் தலையாட்டினேன்.

போகும்போது ரோசம்மா என்னிடம் மட்டும் சொன்னார்: "கல்யாணம் ஆகி பதினாலு வருஷம். நட்சத்திரம் ஒண்ணுதான் தொங்கவிடுவோம். இந்த வருஷம் வீடு முழுக்க போடுவோம்னு அவுங்களே சொன்னாங்க. நல்லா செஞ்சு குடுங்க தம்பி."

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

2. சாவி

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, முதலாளியின் வேனில் ஏணியும் நான்கு வரிசை செட்டும் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய் இறங்கினேன். வாசலில் அந்தோணி நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், மூன்று நாள் தாடி. அவர் கையில் சாவி இருந்தது.

"ரோசி ஆஸ்பத்திரில இருக்கா தம்பி. பத்து நாளாச்சு. நெஞ்சுலதான் கோளாறு. இப்ப பரவால்ல. இன்னைக்கு சாயந்தரம் விடறேன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் போய் கூட இருந்து கூட்டிட்டு வந்துடறேன். ஆறரை ஆயிடும்."

சாவியை என் கையில் வைத்தார்.

"வண்டி திரும்பறப்பவே வீடு முழுக்க லைட்டு எரிஞ்சிட்டிருக்கணும். நேத்து ராத்திரிகூட அதைத்தான் கேட்டா. வேற எதுவும் கேக்கல."

"சரிங்க" என்றேன். அன்று காலை நான் வாய் திறந்து சொன்ன சொல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே வேலை விவரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வீட்டின் வெளிப்பக்கத்தில் ப்ளக் பாயிண்ட் இல்லை. அப்படிப்பட்ட வீடுகளில் எங்கள் வழக்கம் இது: போர்ட்டிகோ விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரில் அடாப்டர் போட்டு அங்கிருந்தே சீரியல் லைட்டுக்குக் கரண்ட் எடுப்போம். ஸ்விட்ச் ஹாலுக்குள் கதவோரமாக இருக்கும். மழை படாது. வேலையும் சுலபம். எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். நானும் போர்ட்டிகோ பல்பைக் கழற்றி, துணியில் சுற்றி, கைப்பெட்டியில் வைத்தேன்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. பன்னிரண்டு வரை விடவில்லை. தகரக் கூரை வழுக்கியது. ஹோல்டருக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க ஒவ்வொன்றையும் தலைகீழாகத் தொங்கும்படி கட்டி, ஹோல்டர் வாயை மெழுகால் அடைத்தேன். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. இரண்டரைக்கு மூன்று வரிசை எரிந்தது. நாலாவது வரிசை, கேட்டின் மேல் வளைவாகக் கட்டியது, எரியவில்லை. ஏணியைக் கேட்டுக்கு மாற்றி, முதல் பல்பிலிருந்து கழற்றிப் பார்க்க ஆரம்பித்தேன்.

3. சைக்கிளில் வந்தவர்

மூன்று மணி இருக்கும். ஒருவர் சைக்கிளில் வந்து கேட்டருகே இறங்கினார். ஹார்பர் ஆள் போலக் காக்கிச் சட்டை. முழுக்க நனைந்திருந்தார்.

"அண்ணே, உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அந்தோணி அண்ணனோட தங்கச்சி வந்தாங்களா?"

மறுபடி தலையாட்டினேன்.

அவர் கூரையைப் பார்த்தார். போர்ட்டிகோவைப் பார்த்தார். என் கையிலிருந்த பல்பைப் பார்த்தார். "இதெல்லாம் எப்ப முடியும்?"

"ஆறு மணி."

அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. மழையில் வந்ததால் என்று நினைத்தேன். வேலை தாமதமாகிறது என்று என்னைத் திட்டப் போகிறார் என்றும் நினைத்தேன். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பல்பைக் கழற்றினேன்.

"சரி... அந்தோணி அண்ணன் வரட்டும்லா" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே யாரும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். என் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

"என்ன விஷயம்?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சொல்வதற்காகத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தனை தூரம் வந்திருந்தார். ஏணிமேல் நிற்கிற ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் தானாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு மணிக்குக் கெட்ட பல்பு கிடைத்தது. பதினேழாவது. மாற்றியதும் கேட்டு வளைவு எரிந்தது. ஹாலுக்குள் போய் ஸ்விட்சை நாலைந்து முறை போட்டுப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்து மின்னின. ஆறு மணிக்கு விளக்குகளை எரியவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. நனைந்த தகரத்தில் சிவப்பும் மஞ்சளும் வழிந்தன. ஒரு பஸ் வேகம் குறைந்து போனது. உள்ளிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் செய்த வேலைகளிலேயே அதுதான் அழகானது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

4. ஆறரை மணி

திருப்பத்தில் வெளிச்சம் தெரிந்தது. டாக்ஸி வரும் என்று பார்த்தேன். வந்தது கறுப்பு வேன். பின்னால் இரண்டு டாக்ஸி, ஏழெட்டு சைக்கிள்.

வேன் கேட்டுக்கு வெளியே நின்றது. முன் ஸீட்டில் அந்தோணி இருந்தார். இறங்கவில்லை. கண்ணாடி வழியாக வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் சிவப்பாகத் தெரிந்தது, இருட்டில் மறைந்தது, மறுபடி சிவப்பாகத் தெரிந்தது.

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம்கூடத் தொங்கவிட மாட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தச் சாலையில் ஒரு வீடு இருட்டாக இருந்தால் அது சாவு வீடு என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சாவு நடந்தால் அந்த வருஷம் எங்கள் வீட்டிலும் தீபாவளி கிடையாது.

"யாருய்யா லைட்டு போட்டது?" டாக்ஸியிலிருந்து இறங்கிய ஒருவர் கத்தினார். "சாவு வீட்டுல கூத்தா நடக்குது? அணைய்யா!"

சாவி என் பையில் இருந்தது. கை அங்கே போக நேரமாயிற்று. அத்தனை பேரும் பார்க்க, கேட்டைத் தாண்டி நடந்து, கதவைத் திறந்து, ஸ்விட்சை அணைத்தேன்.

முழு இருட்டு.

அதற்குள் சவப்பெட்டியை இறக்கித் தோளில் வைத்துவிட்டார்கள். வாசலில் நான்கு படி. மழையில் பாசி வழுக்கியது. முன்னால் வந்தவர் கால் தடுமாறி, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பெண்கள் அலறினார்கள்.

"ஐயோ, படி தெரியல! போர்ட்டிகோ லைட்டப் போடுங்க!"

போர்ட்டிகோ லைட் என் கைப்பெட்டியில், துணிக்குள் இருந்தது. அந்த ஹோல்டரில் என்னுடைய அடாப்டர் இருந்தது. அடாப்டரைக் கழற்றி பல்பை மாட்ட ஏணி வேண்டும், ஐந்து நிமிடம் வேண்டும். ஏணி கேட்டுப் பக்கம் கிடந்தது. ஹால் விளக்கின் வெளிச்சம் படி வரை எட்டாது. ஐந்து நிமிடம் பெட்டியோடு நில்லுங்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"போடுய்யா! பெட்டி விழுந்துடும்!"

போட்டேன்.

வெளிச்சம் வந்தபோது ஒரு படி ஏறினார்கள். அணைந்தபோது நின்றார்கள். வந்தபோது இன்னொரு படி. அப்படித்தான் நான்கு படியும் ஏறினார்கள். ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைய வேண்டும் என்று ரோசம்மா கேட்டார். அப்படியே எரிந்தது. அப்படியே அணைந்தது. நான் ஸ்விட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். பெட்டி என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

அந்தோணி கடைசியாக வந்தார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு, ஏணியை அங்கேயே போட்டுவிட்டு நடந்து கடைக்கு வந்தேன்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பாவம்தான். ஆனா லைட்டு எரிஞ்சிச்சுல்ல? நம்ம வேலைல குறை சொல்ல முடியாது" என்றார். மறுநாள் செட்டுகளைக் கழற்ற வேறு ஆளை அனுப்பினார்.

5. பிறகு

துக்கம் ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் அந்த வீட்டில் நட்சத்திரமாவது தொங்கும் என்று நினைத்து, கிறிஸ்துமஸ் நெருங்கியபோது பஸ்ஸில் அந்த வழியாகப் போய்ப் பார்த்தேன். சாலை முழுக்க விளக்கு. அந்த வீடு மட்டும் இருட்டு. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. வருஷா வருஷம் போனேன். இறங்கியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருவேன்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வருஷம் அடுப்படியில் ஃப்யூஸ் போய்விட்டது என்று அந்த வீட்டிலிருந்து கடைக்கு ஆள் வந்தது. நான்தான் போனேன். அந்தோணிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். ஃப்யூஸைக் கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"நீங்கதானே தம்பி, அன்னைக்கு?"

"ஆமாங்க." இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்: "சைக்கிள்ல ஒருத்தர் வந்தாருங்க. நான் என்னான்னு கேக்கல. கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. வேன் திரும்பறப்போ வெளிச்சத்தப் பாத்தேன். பாத்ததும், ரோசி வீட்லதான் இருக்கா, பின்னால பெட்டில இருக்கறது வேற யாரோன்னு தோணிடுச்சு. ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன். செத்தது ஆஸ்பத்திரில. ஆனா எனக்கு அவ செத்தது அந்த ஒரு நிமிஷம் கழிச்சுத்தான், வாசல்ல. அதுதான் இன்னும் ஆறல."

ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பெட்டியில் வைத்து மூடினேன்.

வெளியே வரும்போது போர்ட்டிகோவை அண்ணாந்து பார்த்தேன். ஹோல்டர் காலியாக இருந்தது. நான் கழற்றிய பல்பு திரும்பிப் போகவே இல்லை. அவரும் வேறு வாங்கி மாட்டவில்லை.

"ஒரு பல்பு போட்டுடறேங்க. படி வழுக்கும்."

"வேணாம் தம்பி. இருட்டுல ஏறிப் பழகிடுச்சு."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. வீட்டு விளக்கைக் கழற்றி அதிலிருந்து அலங்காரத்துக்குக் கரண்ட் எடுக்காதீர்கள். தனி லைன் இழுங்கள். கூட ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. வாசலில் எப்போதும் சாதாரண விளக்கு ஒன்று இருக்கட்டும். இன்னொன்று, நீங்கள் ஏணிமேல் நிற்கும்போது யாராவது வந்து கீழே நின்றால், இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

இப்போது நான் இரண்டையும் செய்கிறேன். தனி லைன்தான் இழுக்கிறேன். யார் வந்தாலும் இறங்கிக் கேட்கிறேன். பெரும்பாலும் வழி கேட்கத்தான் வருகிறார்கள்.