மற்ற நான்குக்கும் இவ்வாறே

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே "கணித ஆசிரியை" என்று போட்டிருந்தார்கள். அதை அடித்துவிட்டு "கணிதவியலாளர்" என்று எழுதி அனுப்பினேன். கூட்டம் நடத்தும் அக்கா உடனே போன் செய்தார். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள்தானே அப்படிப் போட்டுக்கொள்வார்கள், யாராவது கேட்டுவிட்டால் சங்கடமாச்சே என்று இழுத்தார். கேட்கட்டும் என்றேன்.

செங்காங்கில் என் வீட்டிலும் மாணவர்கள் வீடுகளிலும் டியூஷன் எடுப்பது என் பிழைப்பு. அதில் எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலை நேரங்களில் சாப்பாட்டு மேசையில் நான் செய்வது வேறு. ஒரே வடிவத்தில் வெட்டிய டைல்ஸை எப்படி அடுக்கினாலும் சில தரைகளை இடைவெளி இல்லாமல் நிரப்ப முடியாது. ஏன் முடியாது என்று நிரூபிக்க மூன்று வருஷம் மல்லுக்கட்டினேன். முனைவர் பட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. பாடுகிறவளைப் பாடகி என்கிறார்கள். கணிதம் செய்கிறவள் மட்டும் யாரிடமோ அனுமதி வாங்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் நிரூபணம் முடிந்தது. அதைச் சொல்லத்தான் அந்த ஞாயிறு கூட்டம்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, குவீன்ஸ்டவுனில் ஒரு மாணவி வீட்டிலிருந்து திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் நிரூபணத் தாள்களைப் புரட்டினேன். அடுக்கும் முறைகளை ஐந்து வகையாகப் பிரித்திருந்தேன். முதல் வகைக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு, "மற்ற நான்குக்கும் இவ்வாறே" என்று ஒரே வரியில் கடந்திருந்தேன். கணிதம் எழுதுகிற எல்லோரும் எழுதும் வரிதான், சோம்பலுக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதையான பெயர். பொழுதுபோகட்டும் என்று நான்காவது வகைக்கு அதே வாதத்தைப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி போட்டேன். வரவே இல்லை. செங்காங்கைத் தாண்டிக் கடைசி நிலையம்வரை போயிருந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். "வர்றவங்கள்ல யாருக்கும்மா இது தெரியப்போகுது? அப்படியே பேசிட்டுப் போங்க லா," என்றார். மனசு ஒப்பவில்லை என்றால் வேறு ஏதாவது பேசலாம், பெயருக்குக் கீழே ஆசிரியை என்று மாற்றி வாட்ஸ்அப்பில் மறுபடி அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதால் இன்னும் சுட்டது. நிரூபணத்தைத்தான் பேசுவேன், பெயரையும் மாற்றக்கூடாது என்றேன்.

கூட்டம் நடந்தது லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேல் இருக்கும் அறையில். இருபது பேர் இருந்திருப்பார்கள். நான் சொல்ல வந்த நிரூபணம் தப்பு என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு பலகையில் நான்காவது வகையை வரைந்து, எந்த இடத்தில் என் வாதம் விழுகிறது என்று ஒவ்வொரு அடியாகக் காட்டினேன். அவமானமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு வரியைக்கூட விழுங்கவில்லை.

முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எழுந்தார். குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"மூணு வருஷம் போட்டது தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எப்படிம்மா கணிதவியலாளர்னு போட்டுக்கறீங்க?"

"தப்புன்னு கண்டுபிடிச்சது யாருங்க?" என்றேன்.