பீப்பாயில் மீந்த தண்ணீர்

இரத்தம் சுத்திகரிக்க அம்மாவோடு பதுளை வைத்தியசாலைக்குப் போகும் நாட்களில் என் கைப்பையில் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்களே, அந்த அளவுதான். அன்று முழுவதும் அம்மா குடிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்த தண்ணீர் அதற்குள் இருக்கும். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாதவர்களுக்குத் தண்ணீரும் மருந்து மாதிரி, அளந்துதான். பஸ் பெரகல சந்தியில் திரும்பும்போதே அம்மா கையை நீட்டுவாள். நான் மூடியில் ஊற்றிக் கொடுப்பேன். பண்டாரவளை வருவதற்குள் கை மறுபடி நீளும்.

"இப்பத்தானம்மா குடிச்ச" என்பேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று தீர்மானிக்கிறவள் இப்போது நான். முன்பும் ஒரு தடவை நான்தான் தீர்மானித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்து, அதற்கு அப்பாலும் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவாள், அதுவும் நான் கைபிடித்துப் பழக்கியது. நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் யாருக்காவது ஒரு மருந்துப் போத்தலைப் படிக்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் காம்பராக் கதவைத்தான் தட்டுவார்கள். நானும் கொஞ்சம் காக்க வைத்துத்தான் வெளியே வருவேன்.

அந்த வருடம் அம்மாவுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப் போடும் நடுக்கத்தோடு வரும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். சில நாள் கழித்துத் தானாகவே எழுந்து கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். தோட்டத்து மருந்துக்கார ஐயா ஒவ்வொரு முறையும் மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். மாத்திரையில் நம்பிக்கை போன பிறகு, அம்மாவின் அண்ணன், என் மாமா, கதிர்காம முருகனுக்கு நேர்ந்துகொண்டார். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஆடித் திருவிழாவுக்கு வருகிறேன், அவளைச் சுகப்படுத்திவிடு என்பது வேண்டுதல்.

மாமா பண்டாரவளையில் ஒரு மரக்கறி முதலாளியின் லொறி ஓட்டினார். திருவிழாவுக்கு லொறியைக் கேட்டு வாங்கி, அதைப் பின்பக்கம் ஒரு வீடாகவே ஆக்கிவிட்டார். பலகை அடித்துப் படுக்கை. மேலே தார்ப்பாய். மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, அது சரியாமலிருக்க ஒரு மரப்பெட்டி. துணி காயப்போடக் கயிறு, முகம் பார்க்கக் கண்ணாடி, முருகன் படம், அதற்கு மேலே எரியும் ஒரு சின்ன பல்பு. முன்பு ஏற்றிய லீக்ஸ் மரக்கறியின் வாசனை மட்டும் போகவில்லை.

"எப்படி நம்ம ஓடுற காம்பரா?" என்று மாமா கேட்டார்.

அப்பா தார்ப்பாயைத் தட்டிப் பார்த்தார். "கூரை ஒழுகலையே மச்சான். அப்ப இது தோட்டத்துக் காம்பரா இல்ல."

எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் லொறிக்குள் ஏறி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். பிறகு மாமாவின் மனைவியின், எங்கள் அத்தையின், காதில் ஏதோ கேட்டாள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னாவாம்? எதாச்சும் கொறையா?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்லண்ணே. எல்லாம் இருக்கு" என்றாள் அம்மா.

தண்ணீர் விஷயத்தில்தான் சண்டை வந்தது. மாமா ஒரு பெரிய நீலப் பீப்பாய் கொண்டுவந்திருந்தார். அதை எதுவரை நிரப்புவது? அப்பாவுக்கு விளிம்பு வரை வேண்டும். கீழ்நாட்டுத் தண்ணீர் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது, எங்கள் லயத்துப் பீலிக் குழாயில் விழும் மலைத் தண்ணீரைத்தான் அவள் குடிக்க வேண்டும் என்றார். மாமாவுக்கோ பாரத்தைப் பற்றிக் கவலை. பெரகலயிலிருந்து வெல்லவாய வரை ஒரே இறக்கம், பிரேக் சூடாகிவிடும் என்றார்.

"வழியெல்லாம் தண்ணிதானே மச்சான் கொட்டுது? தியலும அருவிய என்ன, யாராச்சும் பூட்டி வச்சிருக்காங்களா?"

"ஆடி மாசத்துல அருவி எங்கய்யா கொட்டும்? அவ குடிக்கணும். மருந்துக்கார ஐயா சொன்னத நீ கேட்டியா, நான் கேட்டேனா?"

கடைசியில் அப்பா என்னைக் கூப்பிட்டார். "படிக்கிற புள்ள இருக்குறப்ப நமக்கு என்னத்துக்குச் சண்டை? நீ சொல்லும்மா."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் பிறந்ததிலிருந்து காத்திருந்த மாதிரி இருந்தது. லீற்றரும் மில்லிலீற்றரும் பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணையில்தான் படித்திருந்தோம். அடுப்புக் கரியை எடுத்து லொறியின் பக்கப் பலகையிலேயே கணக்குப் போட்டேன். இத்தனை பேர், இத்தனை நாள், ஒருவருக்கு இத்தனை லீற்றர். சமையலுக்குத் தனி. தம்பி சின்னவன், அவனுக்குப் பாதி. அம்மாவுக்கு மட்டும் மருந்துக்கார ஐயா சொன்னதற்காக இரண்டு பங்கு. விடையைச் சொன்னதும் மாமா பீப்பாயில் கரியால் ஒரு கோடு போட்டார். அப்பா பீலியடியில் நின்று வாளி வாளியாகப் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தக் கோடு வரை நிரப்பினார்.

லொறி ஹல்துமுல்லையைத் தாண்டியபோது நான் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது என் பொறுப்பு. யாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் நான்தான் மொண்டு கொடுப்பேன். கொஸ்லந்தை தாண்டி மாமா வண்டியை ஓரங்கட்டி தியலும அருவியைக் காட்டினார். கறுத்த பாறையில் வெள்ளை நூல் ஒன்று தொங்கியது. "நீ சொன்னதுதான் மச்சான் சரி" என்று அப்பாவிடம் ஒத்துக்கொண்டார். ஆண்கள் இருவரும் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு மரத்தின் பின்னால் போய் வந்தார்கள். அம்மாவும் அத்தையும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். அங்கே இன்னொரு கூட்டம் பஸ்ஸை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியே திரும்பி வந்தார்கள்.

வெல்லவாய நெருங்கும்போது அம்மா முன்பக்கத் தகரத்தைத் தட்டினாள். மாமா நிறுத்தினார். தெருவோரக் கடை ஒன்றின் பின்னால் போய்விட்டு அம்மா வந்தாள். புத்தல போகும் பாதையில் மறுபடி தட்டினாள். அடிக்கடி ஒதுங்கச் சொல்லும் நோய் அது என்பது இப்போது எனக்குத் தெரியும். மாமா இறங்கி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இப்பத்தானே நிப்பாட்டினோம்! தங்கச்சி என்னா, ஊர் ஊரா எறங்கி செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே வருதா?"

மாமா கெட்டவரில்லை. தங்கச்சிக்காக முதலாளியிடம் கெஞ்சி லொறி வாங்கியவர். ஆனால் அந்தப் பேச்சுக்கு அப்பா சிரித்தார், தம்பி சிரித்தான், நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். "சும்மாதாண்ணே தட்டினேன், நீ வண்டிய எடு" என்றாள். அதற்குப் பிறகு அவள் தகரத்தைத் தட்டவே இல்லை.

வெயில் ஏறியது. எங்கள் மலையில் அப்படியொரு வெயிலை நாங்கள் கண்டதில்லை. தார்ப்பாய் கொதித்தது. நான் டம்ளரில் மொண்டு அம்மாவிடம் நீட்டினேன். உதட்டில் வைத்து எடுத்து, தம்பிக்குக் கொடுத்தாள். அடுத்த டம்ளரை அத்தையிடம் நீட்டினாள், அத்தை அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் பங்கும்மா அது, இரண்டு பங்கு" என்று நான் சொன்னேன். "விரதம் புள்ள" என்றாள். தம்பிமேல் வைத்த பாசத்திலும் முருகன்மேல் வைத்த பக்தியிலும் அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். காட்டுப் பாதையில் ஆண்கள் இன்னொரு முறை இறங்கினார்கள். யானை வரும் இடம், பெண்கள் இறங்க வேண்டாம் என்று மாமா அன்போடு சொன்னார்.

கதிர்காமத்தில் ஆற்றங்கரை முழுக்கச் சனம். லொறிகளும் வான்களும் சக்கரத்தோடு சக்கரம் இடிக்க நின்றன. பெண்களின் கழிப்பறைக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து கண்ணுக்கெட்டாத தூரம் போயிற்று. அம்மாவும் அத்தையும் விடியும் முன் எழுந்து ஒரு முறை போய் வந்தார்கள். பகலில் அந்தப் பக்கமே போகவில்லை. அப்பா டம்ளரோடு அம்மாவின் பின்னாலேயே நடந்தார். "நம்ம பீலித் தண்ணி புள்ள, பாரு, இன்னும் சில்லுன்னு இருக்கு." அம்மா வாங்கி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலப் பூசைக்கு முன், கோயில் வெளியில் நின்றுகொண்டிருந்தபோது அம்மாவின் உடம்பு நடுங்கத் தொடங்கியது. பல் கிட்டியது. தோள் குலுங்கியது. கூந்தல் அவிழ்ந்து விழுந்தது. பக்கத்தில் யாரோ ஒருவர் "அரோகரா" என்றார். அவ்வளவுதான், சுற்றி நின்ற எல்லோரும் கைகூப்பிவிட்டார்கள். அத்தை அம்மாவின் நெற்றி நிறையத் திருநீறு அப்பினாள். ஒரு பெண் தன் குழந்தையை அம்மாவின் காலடியில் கிடத்தினாள். மாமா மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தேம்பித் தேம்பி அழுதார்.

"முருகா, வந்துட்டியா? எங்க வேண்டுதல் கேட்டுருச்சா? என்னா வேணும், சொல்லு முருகா!"

நானும் கும்பிட்டேன். எங்கள் லயத்தில் எத்தனையோ பேருக்குச் சாமி வந்திருக்கிறது, ஆனால் கதிர்காமத்து வாசலிலேயே என் அம்மாவுக்கு வந்துவிட்டது. ஊருக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா கண்ணை மூடியபடியே சொன்னாள். "வீட்டுக்குப் போகணும்."

மாமா எழுந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "கேட்டீங்களா? முருகன் நம்ம வீட்டுக்கு வர்றாராம்!"

அம்மா கீழே விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் அவளைத் தொடவில்லை. தெய்வத்தைத் தொடப் பயந்தார்கள். அப்பாதான் முதலில் தொட்டார். தொட்ட கையை நெருப்பில் பட்டதுபோல் எடுத்தார். அதன் பிறகுதான் லொறி, வைத்தியசாலை, ஊசி, நாட்கணக்கில் படுக்கை, எல்லாம்.

ஒரு பயணத்தால் வந்த நோய் இல்லை என்று இப்போதைய டாக்டர் சொல்கிறார். எனக்கும் தெரியும். கொழுந்து மலையில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. விடியலில் குடிக்கும் தேத்தண்ணியோடு சரி, சாயங்காலம் பீலியடிக்கு வரும்வரை தொண்டையை நனைக்காமல் அடக்கிக்கொள்ளப் பழகியவள் அம்மா. அத்தையும் அப்படித்தான். மலையில் படித்ததைத்தான் லொறியிலும் செய்தார்கள். நான் போட்ட கணக்கில் ஆண் பெண் கிடையாது, எல்லோரும் ஆட்கள். தண்ணீர் உள்ளே போவது மட்டும்தான் அந்தக் கணக்கில் இருந்தது.

அம்மா வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றுதான் மாமா பீப்பாயை லொறியிலிருந்து இறக்கப் பார்த்தார். உருட்ட முடியவில்லை. எட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது, அதில் ஒரு லீக்ஸ் சருகு மிதந்தது. "என்னா டீச்சரம்மா, உங்க கணக்கு?" என்று மாமா கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா பீப்பாயைச் சாய்த்தார். மலையிலிருந்து போய் மலைக்கே திரும்பிய தண்ணீர் லயத்துச் சாக்கடைக் கானில் ஓடியது.

நான் உள்ளே போய்ப் பள்ளிக்கூடக் கொப்பியில் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். பெருக்கல் சரி. கூட்டல் சரி. அம்மாவின் இரண்டு பங்கும் சரி. கம்பளிக்குள் கிடந்த அம்மாவிடம் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறதே, பிறகு ஏன் தண்ணீர் மீந்தது என்று கேட்டேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். "உன் கணக்கு சரிதான் புள்ள. அங்க ஒரே குளிரா இருந்துச்சு, யாருக்கும் தாகம் எடுக்கல."

எனக்குச் சமாதானமாகிவிட்டது. கணக்கில் பிழையில்லை. கதிர்காமத்தில் அந்த வெயிலில் குளிர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.