ஆறாம் இலக்கப் பெட்டி

இது நடந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் சந்தேகம் உண்டு. அன்று என் விரல் தட்டியது நாலையா, ஆறையா? நாலைத்தான் தட்டியிருக்க வேண்டும். எத்தனையோ வருடங்களாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் பயத்துக்கு முன்னால் அருவருப்புத்தான் வருகிறது.

2010, ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல்.

மன்னார்த் தீவில், கரையோரமாக, ஒரு நிவாரண நிறுவனத்தின் கந்தோர். மீள்குடியேற வந்த குடும்பங்களைப் பதிவதுதான் எங்கள் வேலை. கட்டடம் முன்பு கடலட்டை வாடியாக இருந்தது. அட்டையின் குடலைப் பிதுக்கி, அவித்து, மண்ணில் புதைத்து, தோல் அழுகியதும் தேய்த்துக் கழுவுகிற இடம். வெள்ளையடித்து மூன்று மாதமாகியும் கச்சான் காற்று வீசினால் சுவர் வியர்க்கும். அந்த வியர்வையில் பழைய நாற்றம் இருக்கும்.

அட்டை அவித்த அறையில்தான் சேர்வரை வைத்திருந்தார்கள். கொழும்பில் கழித்துவிட்ட பழைய யுனிக்ஸ் கணினி. மூவாயிரத்துச் சொச்சம் குடும்பங்களின் பெயர்கள், ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, எல்லாம் அதற்குள். அதன் வட்டு கரகரக்கத் தொடங்கியிருந்தது. எந்த நேரமும் நின்றுவிடலாம். திங்கள் காலை கொழும்புக்கு வாகனம் போகிறது. அதற்கு முன் பட்டியலை நாடாவில் பதிந்து அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் வீடு கொடுப்பார்கள்.

தனி ஆளுக்கு வீடு இல்லை. அது விதி. குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும்.

நானாட்டான் பக்கத்து இராசம்மா வியாழக்கிழமை வந்திருந்தார். அவருடைய கணவனும் இரண்டு பெண்பிள்ளைகளும் செல்லடியில் செத்துப்போனார்கள். மகன் துஷாந்தனைக் காணவில்லை. அவருடைய படிவத்தில் ஒருவர் என்று நான் எழுதியிருந்தேன்.

“என்ர பிள்ளையையும் எழுதுங்கோ தம்பி. அவன் எங்கயோ இருக்கிறான்.”

அவன் இருப்பதற்குக் கடிதம் ஏதும் இல்லாமல் எழுத முடியாது என்றேன். அவர் கனநேரம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“வராட்டி அழிக்கலாம்தானே” என்றார். பிறகு போய்விட்டார்.

ஞாயிறு ஒருவரும் சேர்வரைப் பாவிக்காத நாள். அதனால் அன்றைக்கு வைத்துக்கொண்டோம். என்னோடு நிறோஜன் வந்தான். எங்கள் கந்தோரில் தட்டச்சுச் செய்பவன். தீவுக்காரன் என்றாலும் இந்திய அகதி முகாமில் பிறந்து, குடும்பத்தோடு திரும்பி வந்தவன். வாய் ஓயாது. கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னும் ஒரு அட்டை உள்ளே கிடந்து அழுகுது அண்ணை, அதுக்கும் ஒரு படிவம் நிரப்புவம் என்றான்.

நாடாப் பெட்டி என்பது, பாட்டுக் கசற் போல ஒன்றைச் செருகித் தகவல்களைப் பதியும் கருவி. அதன் பின்பக்கத்தில் இரண்டு வாய்கள். ஒன்றில் சேர்வரின் கேபிளைக் கொழுவ வேண்டும். மற்றதை ஒரு மூடியால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அனுப்பிய சமிக்ஞை முட்டித் திரும்பி வரும். இல்லாத பெட்டிகளும் இருப்பதாகச் சேர்வர் காட்டும். கொழும்பிலிருந்து எங்கள் கணினிப் பொறியியலாளர் ஹலீம் தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தார்.

“பேய்ப் பெட்டி எண்டு சொல்லுவோம் தம்பி. மூடியப் போட்டாப் போயிரும்.”

எங்கள் பெட்டியின் இலக்கம் நாலு.

11.05க்குக் கேபிளைக் கொழுவினோம். 11.20க்கு நிறோஜன் வீட்டுக்குச் சாப்பாடு எடுக்கப் போனான். மூடியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். போட வேண்டியது நான். மறந்துவிட்டேன்.

11.32. திரையில் இரண்டு இலக்கங்கள் இருந்தன. நாலு. ஆறு.

கட்டளையைத் தட்டினேன். பின்னால் ஏதோ சுழலத் தொடங்கியது. நாடா ஓடும் சத்தம் எனக்குத் தெரியும். உலர்ந்த சத்தம். இது ஈரமாக இருந்தது. வாய்க்குள் எச்சிலை உருட்டுவது போல...

12.13க்கு முடிந்தது. பிழை எதுவும் காட்டவில்லை.

நாடாவை எடுக்கக் கையை நீட்டினேன். பெட்டிக்குள் நாடா இல்லை. அது மேசையில் கிடந்தது. பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

திரையைப் பார்த்தேன். நான் தட்டிய கட்டளை அங்கே நின்றது. ஆறு.

அப்படியென்றால் நாற்பத்தொரு நிமிடம் எதில் பதிந்தேன்?

பதிந்ததைத் திரும்ப வாசித்துக் காட்டும்படி கட்டளை கொடுத்தேன். ஆறிலிருந்து. பட்டியல் வந்தது. பெயர்கள் சரி. ஊர்கள் சரி. அடம்பன், முசலி, நானாட்டான்... எண்ணிக்கைகள் மட்டும் கூடியிருந்தன.

எங்கள் வீடும் அதில் உண்டு. அடம்பன். மூன்று பேர். திரையில் நாலு.

நாலாவது ஆள்... அண்ணன். 2008இல் செத்தவன்.

அறையின் நாற்றம் கூடியது. சட்டையால் மூக்கை மூடிக்கொண்டு இராசம்மாவைத் தேடினேன். ஒன்று என்று நானே எழுதியது.

திரையில் ஐந்து.

விரல் மடித்து எண்ணினேன். அவர். கணவன். இரண்டு பெண்பிள்ளைகள். நாலு.

ஐந்தாவது...

பிறகு நிறோஜனின் வீட்டைத் தேடினேன். ஏழு பேர். திரையில் எட்டு.

எனக்கு மூச்சு வந்தது. அவர்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. போனது போல முழுசா வந்தம் என்று அவனே பெருமையாகச் சொல்வான். அந்த எட்டு பிழை. அப்படியென்றால் எல்லாமே குப்பை. அண்ணனின் நாலும் குப்பை. ஐந்தும் குப்பை. துஷாந்தன் எங்கேயோ இருக்கிறான்.

அப்போதுதான் மூடி கண்ணில் பட்டது.

12.40. பெட்டி சுவரோடு ஒட்டியிருந்தது. இடுக்குக்குள் வலது கையை விட்டு, திறந்திருந்த வாயைத் தடவித் தேடினேன். உலோக ஊசிகள் வரிசையாக விரலில் குத்த வேண்டும்.

குத்தவில்லை.

மெத்தென்று இருந்தது.

சூடாக இருந்தது.

பல் முளைக்காத ஈறு...

என் விரலைக் கவ்வியது.

சப்... சப்... சப்...

இழுத்தேன். விடவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். விட்டது. நகக்கண்வரை மஞ்சள் கோழை. நூல் நூலாகத் தொங்கியது. அது அட்டையின் நாற்றம் இல்லை.

புளித்த பால்.

சேர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வாசலுக்கு ஓடினேன். வெயிலில் நின்று சத்தி எடுத்தேன். மண்ணில் கையைத் தேய்த்தேன். தோல் உரிந்த பிறகும் தேய்த்தேன்.

1.30க்கு நிறோஜன் வந்தான். பெட்டிக்குப் பின்னால் ஏதோ விரலைக் கவ்வியது என்றேன். பெட்டியை முன்னால் இழுத்துத் திருப்பினான். இருவரும் பார்த்தோம். தூசி. வரிசையாக ஊசிகள். வேறொன்றும் இல்லை. நீங்கள் பசியில நிக்கிறீங்கள் அண்ணை என்றான். மூடியைப் போட்டான். சேர்வரை எழுப்பினோம். ஒரே ஒரு இலக்கம் தெரிந்தது. நாலு. எண்ணிக்கைகளும் நாங்கள் எழுதியபடியே இருந்தன.

பதிய முன் ஒரு வரியை மட்டும் மாற்றினேன். இராசம்மா, இரண்டு பேர். நிறோஜனின் எட்டு பிழை என்ற ஒரே நம்பிக்கையில் மாற்றினேன். 3.10க்கு நாடா தயார்.

2014இல் நிறோஜனின் மகளுக்கு ஞானஸ்நானம். அவனுடைய தாய் பெற்றிசியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். கோயிலுக்கு வெளியே எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் குழந்தையின் நெற்றியைத் துடைத்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நிறோஜன் தலைப்பிள்ளை இல்லைத் தம்பி. அவனுக்கு முதல் ஒண்டு. எண்பத்தஞ்சில இந்தியாவுக்கு வள்ளத்தில போகேக்க செத்தது. பதினொரு நாள். பேரும் வைக்கேல்லை. கடல்லதான் விட்டனாங்கள்.”

பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை என்றார். எந்தப் படிவத்திலும் எழுதவில்லை என்றார்.

எட்டு சரி.

எட்டு சரியென்றால், ஐந்தும் சரி.

நிறுவனம் அதற்கு இரண்டு வருடம் முன்பே மூடப்பட்டுவிட்டது. சேர்வரும் நாடாப் பெட்டியும் பழைய இரும்புக்குப் போயின. ஹலீம் கட்டாரில் இருக்கிறார். பெற்றிசியா 2017இல் காலமானார். நிறோஜனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். அந்த எட்டைப் பற்றி அவனிடம் நான் எதையும் சொல்லவில்லை. நான் அன்றிலிருந்து கரண்டியால்தான் சாப்பிடுகிறேன். இராசம்மாவுக்கு வீடு கிடைத்தது. நானாட்டானில் அந்த வீட்டில்தான் இருக்கிறார். மகனின் படத்தை எடுத்துக்கொண்டு, காணாமல்போனோர் விசாரணைக்குக் கூப்பிடுகிற இடமெல்லாம் பஸ் ஏறிப் போகிறார். என்னைக் காணும்போதெல்லாம், அவன் இருக்கிறான் என்று நீங்கள்தானே தம்பி எழுதினீங்கள் என்று கேட்கிறார்.

நான் ஓம் என்கிறேன்.