கறுப்பு வெள்ளையில் ஒரு கல்யாணப் பக்கம்

இந்த ஊரில் கல்யாணத்துக்கே கறுப்பு உடுத்திக்கொண்டு போகிறார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. பத்திரிகையும் அப்படித்தான்: வெள்ளைத் தாள், நடுவில் மெல்லிய கறுப்பு எழுத்து, சுற்றிலும் வெற்றிடம். ஓரத்தில் மஞ்சள் இல்லை, உச்சியில் பிள்ளையார் இல்லை, தாய்மாமன் பெயர்கூட இல்லை. 'இதென்ன, சாவுச் செய்தியா?' என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். இணையதளம் வடிவமைப்பதுதான் இங்கே என் வேலை. ஒரு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க அலுவலகத்தில் காலை முழுக்கப் பேசுவார்கள். கத்தாத எழுத்துதான் நல்ல எழுத்து என்று பக்கத்து மேசை கத்ரின் சொல்லிச் சொல்லி, எனக்கும் அது வேதவாக்காகிவிட்டது.

தங்கை கவிதாவுக்குச் சின்னசேலத்தில் மாப்பிள்ளை அமைந்தார். விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் நான் போக வழியில்லை. கல்யாணத்துக்கு ஒரு இணையப் பக்கமாவது செய்து தருகிறேன் என்றேன். கல்வராயன் மலையில் அருவிப் பக்கம் இருவரும் எடுத்துக்கொண்ட படத்தை அனுப்பினாள். பின்னால் ஒரே பச்சை, அவள் புடவையோ ஆரஞ்சு. எனக்குக் கண் கூசியது, கறுப்பு வெள்ளையாக்கினேன். படத்துக்குக் கீழே இரண்டு பெயர்கள், வளைவு நெளிவு குறைந்த தடித்த எழுத்தில். இடப்பக்கம் வரவேற்புத் தேதி, வலப்பக்கம் முகூர்த்தத் தேதி. தேதிகள் பெரிதாக, 'வரவேற்பு', 'முகூர்த்தம்' என்ற சொற்கள் மட்டும் பொடியாக, வெளிர் சாம்பலில். தமிழில் ஓரெழுத்தும் தெரியாத கத்ரின் எட்டிப் பார்த்து, "எவ்வளவு அமைதி!" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே ஊருக்கு அனுப்பினேன்.

மறுநாள் அம்மா போனில் அலறினாள்.

"அடிப்பாவி, இன்னாடி பண்ணி வெச்சிருக்கே? மாப்ள வூட்டுல ஒரே எழவு சத்தம்!"

"இன்னாம்மா ஆச்சு?"

"மாப்ளயோட பெரியம்மா போன்ல அதப் பாத்துட்டு, மலையில பைக்கு உருண்டு ரெண்டு பேரும் போய்ட்டாங்கன்னு மாலையும் கையுமா அழுதுக்கினு வந்துச்சாம். பாத்தா, மாப்ள பல்லு வெளக்கிக்கினு எதிர்ல வர்றாரு! சகுனம் சரியில்ல, இந்தக் கல்யாணமே வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்குது. உங்கப்பா அங்க போய்க் கெஞ்சிக்கினு இருக்காரு."

பின்னால் கவிதா விம்முவது கேட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தைத் திறந்தேன். ஐயோ! கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸேதான். சாம்பல் முகம், தடித்த கறுப்புப் பெயர், இரண்டு பக்கமும் தேதி: தோற்றம், மறைவு. அந்தப் பொடி எழுத்தை யார் படிப்பார்கள்? சொல்லைப் படிப்பதற்கு முன்பே எழுத்தின் முகம் கண்ணில் பட்டுவிடுகிறதே. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடம் போய்வந்த நாளெல்லாம் அந்தப் பிளெக்ஸுகளைக் கடந்து வளர்ந்தவள் நான். எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் மாற்றினேன். மஞ்சள் பின்னணி, குங்குமச் சிவப்பில் சுழித்துச் சுழித்துக் கொழுத்த எழுத்து, உச்சியில் பிள்ளையார். மலைக்குப் பச்சையும் தங்கைக்கு ஆரஞ்சும் திரும்பி வந்தன. 'திருமணம்' என்ற சொல் எல்லாவற்றையும்விடப் பெரிதாக.

கத்ரின் முகம் சுளித்தாள். "ஏன் இதெல்லாம் இப்படிக் கத்துகிறது?"

"கத்தவில்லை, வாங்க வாங்க என்று கூப்பிடுகிறது."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கு விளக்கவும் பொறுமையில்லை. சின்னசேலத்தில் அப்பா புதுப் பக்கத்தைப் பெரியம்மாவிடம் நீட்டியிருக்கிறார். "இப்பத்தான் கல்யாணக் கள வந்துருக்குது" என்று அவர் சொன்ன பிறகே அப்பா தண்ணீர் குடித்தாராம்.

கல்யாணத்தன்று அம்மா வீடியோவில் மண்டபத்து வாசலைக் காட்டினாள். வரவேற்பு பிளெக்ஸில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கலர் கலராகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நான். பிளெக்ஸ் கடைக்காரர் எங்கள் அலுவலக இணையதளத்திலிருந்து எடுத்த படம். அங்கே எல்லாருக்கும் கறுப்பு வெள்ளைதான்.

பெரியம்மா அதன் முன்னால் நின்று கன்னத்தில் கைவைத்தார். "ஐயோ பாவம், சின்ன வயசு. இவங்க எப்பம்மா தவறுனாங்க?"

"ஐயய்யோ, அது எம் பெரிய பொண்ணுங்க! ஜெர்மனியில நல்லா இருக்கா! இதோ பாருங்க!"

அம்மா பதறிப்போய்ப் போனைத் திருப்பி அந்தப் படத்தின்மேல் வைத்துப் பிடித்தாள். "நல்லாருக்கேங்க, நல்லாருக்கேங்க" என்று நான் கையாட்டினேன். ஒவ்வொருவராக வந்து கையாட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்கள். கை வலித்து அம்மா போனை இறக்கியபோது எனக்கு வாசலில் கிடந்த செருப்புகள் தெரிந்தன. அவர்களுக்கு மறுபடி அந்தச் சாம்பல் முகம் தெரிந்திருக்கும்.