பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது

மூணாறுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அம்மா விரலில் நாடியும் ஆக்சிஜனும் காட்டும் கிளிப்பை மாட்டி, மூச்சுத் திணறிப் படுத்திருந்தாள். எக்ஸ்ரேயைக் கொச்சி டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் மருந்தை மாற்றுவார்கள். ஆஸ்பத்திரி நெட் லைனில் அனுப்பிய படமோ பாதியிலேயே அறுந்து அறுந்து நின்றது.

அந்த லைனைப் போட்ட காண்ட்ராக்டரைப் போனில் பிடித்தேன். "லைட்டு பச்சையா எரியுதுல்லா, பொறவு என்ன?" என்றான்.

நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆபீஸ் அறைக்குப் போய், லைன் சிப்பின் ரெஜிஸ்டர்களை, அதாவது சிப் தன் நிலவரத்தைக் குறித்துவைக்கும் கட்டங்களை, வாசித்தேன். கேபிளின் இரு முனையிலும் ஒரு சிப் உண்டு. தன்னால் எவ்வளவு வேகம் முடியும், அனுப்பிக்கொண்டே வாங்கவும் முடியுமா என்பதை ரெஜிஸ்டரில் வைத்து எதிர்முனைக்குச் சொல்லும். அப்படிப் பேசித்தான் இரண்டும் ஒத்துப்போகும்.

எஸ்டேட்டில் யாரையும் கேட்டுச் செய்யும் பழக்கமில்லை. மேலிருந்து உத்தரவு வந்தால் முடிந்தது. அந்த மடையனும் அதே பழக்கத்தில் ஒரு முனையை மட்டும் ஒரே வேகத்தில், அனுப்பிக்கொண்டே வாங்கும்படி பூட்டியிருந்தான். பூட்டிய சிப் வாயே திறக்காது. எதிர்முனைச் சிப் வேகத்தை மட்டும் கண்டுகொண்டு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்று தானாக முடிவுகட்டிவிடும். பிறகு மோதல்தான். படம் எப்படிப் போகும்?

பூட்டை எடுத்தேன். படம் சட்டென்று போய்ச் சேர்ந்தது. டாக்டர் உடனே கூப்பிட்டார். போனைக் காதில் வைத்தபடியே வார்டுக்கு ஓடி, அவர் சொன்ன மருந்தின் பெயரை உரக்கச் சொன்னேன்.

நர்ஸ் திரும்பவில்லை. அம்மாவின் அசையாத விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.