காஸ்டிக் தீர்ந்ததா, அலுமினியம் தீர்ந்ததா?

இந்தச் சபையில், ஆண்டவருக்கு முன்பாக, உண்மையைச் சாட்சியாகச் சொல்ல எழுந்திருக்கிறேன். ஆகவே என் நாத்தனார் புருஷன் ஜெயசீலனைப் பற்றி என்னால் இனிக்க இனிக்கப் பேச முடியாது. போன வைகாசியில் என் கணவர் டேனியலைச் சாகடித்திருப்பான் அந்த மனுஷன்.

நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. டேனியலுக்கு அப்போது வேலை இல்லை. "வா மச்சான், கேஸ் பலூன் விக்கலாம்" என்று ஜெயசீலன் கூப்பிட்டான். துருப்பிடித்த சிலிண்டருக்குள் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றி, அலுமினியத் துண்டுகளைப் போட்டால் ஹைட்ரஜன் வரும். அதுதான் தொழில். வேண்டாம் என்றேன்.

"ஏம்மா டீச்சரு, நீ புக்குல படிக்கறத நான் கையால செஞ்சிக்கினு இருக்கறேன்" என்று சிரித்தான். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அது எனக்கு வலித்தது. அவரை அதிலிருந்து வெளியே கொண்டுவாரும் என்று ஆண்டவரிடம் தினமும் அழுதேன். பதில் இல்லை.

கோயில் திருவிழா நாள். சின்ன காஞ்சிபுரம் தெருவில் கால் வைக்க இடமில்லை. சாப்பாடு கொண்டுபோனேன். சிலிண்டரில் கேஸ் நின்றுபோயிருந்தது. ஜெயசீலன் வாளியில் காஸ்டிக் கரைத்துக்கொண்டிருந்தான்.

"காலையிலேர்ந்து உள்ள இன்னா போட்டீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"கேஸ் கொறையும்போதெல்லாம் அலுமினியம்தான். அதான் சும்மா கெடைக்குதே. காஸ்டிக்கு காலையில ஒரு தபா ஊத்தனதோட சரி."

இரண்டு பொருள் சேர்ந்து வினை நடந்தால், எது முதலில் தீர்கிறதோ அதோடு வினை நின்றுவிடும். வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இங்கே தீர்ந்தது காஸ்டிக். அலுமினியம் உள்ளே குவியலாகக் கிடக்கிறது. இப்போது ஒரு வாளி காஸ்டிக்கை ஊற்றி மூடியை முறுக்கினால், அத்தனையும் ஒரே நேரத்தில் பொங்கும். சிலிண்டர் வெடிக்கும். சுற்றிலும் குழந்தைகள்.

சொன்னேன். கத்தியே சொன்னேன்.

"பாடத்த ரோட்டுல நடத்தாதம்மா" என்றான் அந்த மேதாவி. "மச்சான், நீ ஊத்துபா."

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் கணவர் வாளியைத் தூக்கினார்.

அப்போதுதான் ஜெபித்தேன். அலங்கார வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, என் பேச்சு இவருக்கு ஏறாது. நீரே பேசும்." அவ்வளவுதான்.

டேனியலின் கை நின்றது. "மாமா, காலையிலேர்ந்து போட்ட அலுமினியமெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயசீலனைக் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"போச்சு, அவ்ளோதான். நீ இன்னா, பொண்டாட்டி பேச்ச கேட்டுக்கினு!"

டேனியல் வாளியைக் கீழே வைத்தார். "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று குழந்தைகளை விரட்டினார். என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். ஜெயசீலன் வீறாப்பாகத் தானே ஊற்றினான். மூடியைக் கையில் எடுப்பதற்குள் கொதிக்கும் நுரை பீறிட்டு வந்தது. அவன் கை வெந்தது. மூடி இன்னும் போடாததால் உயிர் தப்பியது.

"கெமிஸ்ட்ரியையே ஆண்டவர் தோக்கடிச்சிட்டாரு" என்று சபையில் ஒரு சகோதரி சொன்னார். அபத்தம். வினை அதன்படிதான் நடந்தது. ஆண்டவர் திறந்தது என் கணவரின் வாயை. நீரே பேசும் என்று நான் கேட்டதற்குப் பதில் அதுதான்.

இன்று டேனியல் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் செய்கிறார். வீட்டில் சமாதானம் இருக்கிறது. ஸ்தோத்திரம்.

ஜெயசீலனோ, ஒரு தூதன் வந்து மூடியைப் பிடித்துக்கொண்டதாக ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொல்கிறான். அவனுக்காகவும் ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கூப்பிடுங்கள். நடுத்தெருவில் நின்று கூப்பிட்டாலும் அவர் கேட்கிறார். எனக்கு இரங்கினவர் உங்களுக்கும் இரங்குவார். ஆனால் அந்தத் தூதன் கதைக்கு மட்டும் என்னிடம் ஆமென் எதிர்பார்க்காதீர்கள்.