பூஜ்யம் வந்தால் நலம்

எழுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதை மேய்க்கத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பகல் முழுவதும் ஏ.சி. அறையில் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால், இன்றைக்கு இதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடையாது. டீக்கடையில் கேட்பார்கள்: "தம்பி, அந்த மிஷினு சோசியம் பாக்குமாமே?" ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இல்லை என்றால் விளக்க வேண்டும்.

இப்போது விளக்கிப் பார்க்கிறேன். மிஷினின் எல்லா வேலைக்கும் அடியில் இருக்கும் நிரலை இன்று கெர்னல் என்கிறார்கள். எங்களுக்கு அன்று அது மானிட்டர். எங்கள் மானிட்டருக்கு இரண்டு மொழி. டிஸ்க்கைத் தொடுகிற அடிப்பாதி அசெம்பிளி. அதை எழுதியவர் அமெரிக்கா போய்விட்டார். மேல்பாதியை நான் ஃபோர்ட்ரானில் எழுதினேன். நடுவில் இரண்டையும் இணைக்க அவர் எழுதிவைத்துப் போன பாலம், சில வரிகள்தான்.

அந்த வருஷம் டிஸ்க் கழுத்தறுக்க ஆரம்பித்தது. வேதியியல்காரர்கள் துருப் பிடிப்பதைப் பற்றி எடுத்த அளவுகளை எழுதச் சொல்வார்கள். மானிட்டர் பூஜ்யம் என்று பதில் தரும். பூஜ்யம் என்றால் குறையொன்றும் இல்லை என்று அர்த்தம். மறுநாள் திறந்து பார்த்தால் இடம் காலியாக இருக்கும். மிஷினை முறைக்க முடியாதே, என்னை முறைத்தார்கள்.

வீட்டிலும் அதே மாதங்களில் ஒரு பதில் வராமல் இருந்தது. அத்தா, என் தகப்பனார், பினாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். எழுத்து வராது, கப்பலில் வருகிறவர்களிடம் செய்தி சொல்லி அனுப்புவார். தங்கச்சி நிக்காஹுக்கு வருவதாக இருந்தவர் வரவில்லை. கடையில் கூட இருந்த அவர் தம்பி, என் சின்னத்தா, வந்து இறங்கினார்.

"அவுக நல்லா இருக்காக. கடையப் போட்டுட்டு வர முடியல" என்றார்.

நிக்காஹ் நடந்தது. தங்கச்சி புருஷன் வீட்டுக்குப் போனபிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். அத்தாவை நினைத்துக்கொண்டு அவள் சமைப்பாள். டிஸ்க்கை நினைத்துக்கொண்டு நான் சாப்பிடுவேன். பினாங்கிலிருந்து யார் வந்தாலும் அம்மா ஆளனுப்பி விசாரிப்பாள். "நல்லா இருக்காக" என்பார்கள். சின்னத்தா மட்டும் ஏனோ திரும்பிப் போகவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, பாலத்தின் வரிகளைத் தாளில் அச்சடித்துப் பென்சிலோடு உட்கார்ந்தேன். அசெம்பிளிக்குப் பிழையைச் சொல்லும் வழக்கம் வேறு. எழுத முடியாவிட்டால் அது பிராசஸருக்குள் ஓர் அடையாளத்தை ஏற்றி, பிழையின் எண்ணை ரெஜிஸ்டர் என்கிற சின்ன அறை ஒன்றில் வைத்துவிட்டு வரும். ஃபோர்ட்ரானுக்கு அந்த அடையாளம் கண்ணிலேயே படாது. பாலம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பாலமோ நல்ல பிள்ளை. போகும்போது எல்லா ரெஜிஸ்டரையும் பத்திரப்படுத்தி, திரும்பும்போது விருந்தாளி போன வீட்டை ஒதுங்கவைப்பதுபோல எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடும். பிழை எண்ணும் அந்தக் குப்பையோடு போய்விட்டது. மேலே வந்து சேர்ந்தது பூஜ்யம். அடிப்பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, மேல்பாதி சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஒழுங்கு பண்ணுகிறேன் என்று நடுவில் இருந்தவர் எங்கள் தலையில் மண்ணைப் போட்டுவிட்டார்.

பாலம் தொடக்கூடாத ஓர் இடத்தை மெமரியில் ஒதுக்கினேன். கீழே என்ன நடந்ததோ அதை அடிப்பாதியே அங்கே எழுதிவிட வேண்டும். மேல்பாதி, நலமா என்று கேட்காமல், அந்த இடத்தைப் போய்ப் படிக்க வேண்டும். அடுத்த தடவை டிஸ்க் மறுத்தபோது மிஷினோடு இணைத்திருந்த டைப்ரைட்டர் ஒரு பிழை எண்ணை அடித்தது. அதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாதது அன்றைக்குப் போல என்றைக்கும் வலித்ததில்லை.

சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. பினாங்கிலிருந்து வந்த ஒருவர்கூட அத்தாவுக்கு இருமல் என்றோ கோபம் என்றோ சொல்லவில்லை. எல்லாரும் ஒரே சொல். சைக்கிளைச் சின்னத்தா வீட்டுக்குத் திருப்பினேன்.

"நல்லா இருக்காகளான்னு கேக்கல. கடைசியா அவுகள என்னைக்குப் பாத்தீக, என்ன பேசுனாக, அதச் சொல்லுங்க."

சின்னத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மௌத்தாயிட்டாக தம்பி. அடக்கிட்டுத்தான் கப்பல் ஏறுனேன். புள்ள நிக்காஹ் நிக்கக் கூடாதுன்னு அவுகதான் கடைசியாச் சொன்னாக. முடிஞ்சதும் சொல்லிரணும்னுதான் இருந்தேன். வார சனத்துக்கிட்டயும் சொல்லிவச்சிருந்தேன். தெனம் கெளம்பி வருவேன். உங்கம்மா மொகத்தப் பாத்தா நல்லா இருக்காகன்னுதான் வாயில வருது."

அவரிடம் கெட்ட எண்ணம் கடுகளவும் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் தாங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் நானே சொன்னேன், எதையும் ஒதுங்கவைக்காமல். அவள் அழவில்லை. "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள். நாளைச் சொன்னேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். புருஷன் இறந்தால் பெண் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதம் பத்து நாள் அலங்காரம் இல்லாமல், வாசல் தாண்டாமல். அந்தக் கணக்கு அவர் இறந்த நாளிலிருந்து ஓடும், அவளுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

"அப்ப நிக்காஹன்னைக்கு நான் இத்தாவுலயில்ல இருந்திருக்கேன். பட்டக் கட்டிக்கிட்டு, பூ வச்சுக்கிட்டு, வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னேனே."

பள்ளிவாசல் அசரத்து வந்தார். தெரியாமல் நடந்ததில் குற்றமில்லை, வருகிற வெள்ளியோடு கடமை முடிகிறது என்றார். அம்மா தலையாட்டினாள். வெள்ளை உடுத்தி உள்ளறைக்குப் போனாள்.

அந்த வெள்ளி வந்து போனது. அம்மா எழுந்து வரவில்லை. தனக்குத் தெரிந்த நாளை முதல் நாளாக வைத்துத் தொடங்கி, நாலு மாதம் பத்து நாளும் இருந்து முடித்தாள். நான் காலையில் சோறு வடித்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன்.